நூற்று எண்பது லிட்டர்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டது நோலீன். எங்கள் ஊர் மாதப் பத்திரிகையில் நான் எழுதும் ஒற்றைப் பக்கத்தை விடாமல் படிப்பவள் அவள் ஒருத்திதான். மற்ற நேரமெல்லாம் நான் ஒர்க்‌ஷாப்பில் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன். போன மாதம் வந்தாள். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"அந்த மனுஷன் எங்க போய் நின்னாருன்னு யாருக்கும் சொல்லத் தெரியல, நெவில். பதினாலு மாசம் ஆச்சு. நீ கதையிலயாவது அவர ஒரு இடத்துல நிறுத்து. அது போதும் எனக்கு."

அந்த மனுஷன் என்றால் டெஸ், அவள் கணவன், என் நெடுநாள் நண்பன். எங்கள் ஊரைத் தாண்டி விரியும் சிம்ப்சன் பாலைவனப் பக்கம் வண்டியில் தனியாகப் போனவன் திரும்பவில்லை. வண்டியும் கிடைக்கவில்லை. நான் சரி என்று தலையாட்டினேன். புத்தி உள்ளவன் செய்கிற வேலையா அது?

2

முதல் தொடக்கம்: "தொண்ணூறு லிட்டர் டீசலோடு டெஸ் கிளம்பியபோது வானம்—"

(பொய். அடித்துவிட்டேன். அடித்தது உங்கள் கண்ணிலும் படட்டும்.)

இரண்டாவது: "பாலைவனம் என்பது மனிதனின்—"

(சீ. நானே படிக்க மாட்டேன் இதை.)

மூன்றாவது: "டெஸ்ஸின் வண்டியில் இருந்த தொண்ணூறு லிட்டர் டாங்கைக் கழற்றிவிட்டு நூற்று எண்பது லிட்டர் டாங்க் மாட்டியவன் நான்."

இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

3

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் உண்டு. டீசல் அளவைக் காட்டும் முள் பாதிக்கு வந்தால் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். டெஸ்ஸுக்கு நெஞ்சுவலி வந்தபிறகு நோலீன் அவனிடம் சத்தியமே வாங்கிவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் என்னிடம் வந்து நின்றான்.

"பெரிய டாங்க்கா ஒண்ணு மாட்டு, நெவ். அவகிட்ட மூச்சு விடாத."

"ஏன்யா, பொண்டாட்டி கண்ணுல மண்ணத் தூவப் பாக்குறியா?"

"சேச்சே. பாதியில திரும்புறேன்னு சொல்லியிருக்கேன், திரும்பிருவேன். எத்தன லிட்டர்ல பாதின்னு அவளும் கேக்கல, நானும் சொல்லல."

ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். டாங்க், நொறுங்கிக் கிடந்த வேறொரு வண்டியிலிருந்து எடுத்தது. பரிசோதகர் முத்திரை கிடையாது. வெளியே தெரிந்தால் என் தொழில் உரிமம் போய்விடும்.

[இதை அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டாங்குக்குள், முள்ளை ஏற்றி இறக்கும் பழைய மிதவையையே வைத்தால் முள் ஒழுங்காக இறங்காது. பாதி டீசல் தீரும்வரை 'ஃபுல்' என்றே காட்டும். முள் பாதிக்கு வரும்போது உள்ளே கால் பங்குதான் இருக்கும். மிதவையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வாயைத் திறந்து சொல்லவாவது வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். போன் அடித்தது. பேசிவிட்டு வந்தபோது அவன் கையசைத்துக்கொண்டே போய்விட்டான்.]

4

டெஸ்ஸைக் காணோம் என்றதும் ஊர் மண்டபத்தில் மேஜைமேல் வரைபடத்தை விரித்தார்கள். மீட்புப் படையில் நானும் ஒரு தொண்டன். எங்கள் வழக்கம், வண்டியில் எவ்வளவு டீசல் என்று கேட்டு, அது எட்டும் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் தேடுவது.

"டாங்க் எத்தன லிட்டர்ம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"தொண்ணூறு. பாதியில திரும்பிருவாரு. சத்தியம் பண்ணிருக்காரு," என்றாள் நோலீன்.

பென்சில் என் கையில் இருந்தது. மணலில் வண்டி நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டர் குடிக்கும். பாதி டாங்க், நாற்பத்தைந்து லிட்டர் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் தாராளமாகவே, இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு வட்டம் போட்டேன். சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடுவான், எதற்கு வீணாக வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் சொல்ல நாக்கு எழவில்லை. ஐந்தாம் நாள் தேடப் போன விமானங்கள் வெறுங்கையோடு திரும்பிவிட்டன.

5

இனி அவனை நிறுத்துவதுதான் பாக்கி. நேற்று மதியம் எழுதினேன்: "இருநூறாவது கிலோமீட்டரில் டெஸ் இஞ்சினை அணைத்தான்." ஒரு வண்டிக்கு டயர் மாற்றிவிட்டு வந்து பார்த்தால் அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் 310 என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது. எழுதியது நான் இல்லை.

மறுபடி எழுதினேன். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். 450. அதன் கீழே:

"முள்ளு இன்னும் ஃபுல்லுலயேதான் நிக்குது, நெவ். நல்ல டாங்க்கா மாட்டியிருக்க."

பட்டப்பகல், வாசலில் ஆள் நடமாட்டம், ரேடியோவில் கிரிக்கெட். இருந்தும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்கும்போது ஒன்றும் வரவில்லை. கண்ணை எடுத்தால் வந்தது. 580. 640. 675.

"பாதிக்கு வந்துருச்சு. சொன்னா சொன்னதுதான், திரும்புறேன். நோலீன்கிட்டச் சொல்லிரு."

பிறகு எண்கள் இறங்கின. 620. 540. 470. 450.

அதற்குப் பிறகு ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"நெவ்?"

6

வேறு முடிவுகளும் யோசித்தேன். ஏதோ ஒரு மாட்டுப் பண்ணைக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்—

ஞாபகம் தப்பிப்போய் வேறு ஊரில் வேறு பெயரில்—

எழுத முடியவில்லை. அவன் எங்கே நின்றான் என்று எனக்குத் தெரியும். நான் போட்ட வட்டத்துக்கு வெளியே, இன்னும் இருநூறு கிலோமீட்டர் தள்ளி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டு வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தபோது நின்றான்.

இதை எழுதும்போது நோலீன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கதை எங்கே என்று காலையிலேயே வந்துவிட்டாள். முதல் நாலு பகுதியைக் கொடுத்திருக்கிறேன். விரலை வரிக்குக் கீழே வைத்துப் படிக்கிறாள். அடிக்குறிப்பை இரண்டு தடவை படித்தாள். வட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றினாள்.

"நெவில்."

"ம்."

"இந்த டாங்க்கு, இந்த முள்ளு... இதெல்லாம் கதைக்காக நீயாப் போட்டதுதான?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. ஆமாம் என்றால் நம்பிவிடுவாள், இன்னும் பதினாலு மாதம் அவனைத் தேடிக்கொண்டிருப்பாள். இல்லை என்றால் அவன் கிடக்கும் இடம் அவளுக்குக் கிடைக்கும், கூடவே நானும் கிடைப்பேன்.

ஒரு வார்த்தைதான். எனக்கு அதைச் சொல்லும் துணிச்சல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். ஐந்தாவது பகுதியைத் தரச்சொல்லி அவள் கையை நீட்டிவிட்டாள். அதில் பேசுவது யார் என்று அவளுக்கு ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.