வேகத்தடையில் காணாமல் போன சத்தம்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் தொடங்கியது. திட்டுவிளையில் என் வீட்டு வாசலை ஒட்டி ஒரு வேகத்தடை உண்டு. 2012-ல் தினமும் காலையில் ஒரு பழைய மீன் பிக்கப் அதைத் தாண்டி மலைமேல் கீரிப்பாறைக்குப் போகும். பிரேக் பிடித்ததும் பன்றியைக் கயிறு போட்டு இழுப்பது போல ஒரு சத்தம். நான் அப்போது மனைவியை இழந்த ஒரு பேராசிரியரைப் பற்றி மென்மையான நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலருகே நின்று பெருமூச்சு விடப்போகும் நேரத்தில் சரியாக இந்த வண்டி வந்துவிடும்.

ஒருநாள் வண்டி வந்தது, சத்தம் வரவில்லை. மெதுவாகி, ஏறி, இறங்கிப் போயிற்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் வாசலிலேயே காத்திருந்து, கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்தது ஒரு பெண். பெயர் ஜெனிலா.

பேராசிரியர் இன்னும் அந்த ஜன்னலருகேதான் நிற்கிறார். நிற்கட்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘கடல் அன்று சீறிக்கொண்டிருந்தது. ஜெனிலா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, துருப்பிடித்த வண்டியின் கதவைத் திறந்தாள். அவளுடைய வாழ்வைப் போலவே அதுவும்…’

இதை அவளிடமே வாசித்துக் காட்டினேன். பாதியில் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

“சாரே, நான் எதுக்குக் கரையணும்?”

(எங்கள் பக்கத்தில் கரைவது என்றால் அழுவது.)

“கதைக்கு ஒரு இது வேணும்லா…”

“வண்டி கரைஞ்சது போதாதா? நானும் இருந்து கரைஞ்சா ஆரு ஓட்டுவா?”

ஆகவே கண்ணீர் நீக்கப்பட்டது. மிஞ்சியவை இவை: ஜெனிலா கடியப்பட்டணத்துக்காரி. கடற்கரையில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி, மலையேறி, ரப்பர் தோட்டத்துக் குடியிருப்புகளில் விற்பவள். வண்டியை அவளே ஓட்டுவாள். கணவன் சூசை வள்ளத்தில் தெற்கே வெகுதூரம் போய்த் திரும்பியவன், எந்த அலைக்கும் அஞ்சாதவன். ஆனால் மலைவளைவு வந்தால் பக்கத்து இருக்கையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவான். கடலில் எதிரே லாரி வராது என்பது அவன் கட்சி.

சத்தம் தொடங்கியபின் சூசையின் ஜெபம் நீண்டது. அவனுடைய அண்ணன் வீட்டுக்கே வந்து, “அந்தச் சவத்த ஆக்கர் கடையில பழைய இரும்புக்குப் போட்டுட்டு, சைக்கிள்ல நாலு மீன் கொண்டுபோய் வித்துப் பொழைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். சைக்கிளில் கீரிப்பாறை ஏற முடியாது என்பது அவருக்கும் தெரியும். அவள் ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அது அவளுக்கும் தெரியும்.

3

கதைக்கு வில்லன் ஒருவன் வேண்டும் என்று மெக்கானிக் ஜெயசிங்கைப் பிடித்தேன். ‘ஜெயசிங்கின் சிரிப்பில் ஒரு கள்ளம்…’ என்று எழுதியும்விட்டேன். அடித்துவிட்டேன். பட்டறைக்குப் போய் அந்த மனிதரைப் பார்த்தபின் அந்த வாக்கியத்தை வைத்திருக்க முடியவில்லை.

ஜெயசிங் ரியாத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு வந்து, நாகர்கோவில் போகும் வழியில் பட்டறை போட்டவர். பாலைவனத்தில் வண்டியைக் கெடுப்பது மணல். பிரேக்கில் சத்தம் என்றால் டிரம்மைக் கழற்று, புழுதியைத் துடை, தேய்ந்த லைனிங்கை மாற்று. ஜெனிலாவின் வண்டிக்கும் அதையேதான் செய்தார், மனம் ஒன்றிச் செய்தார். டிரம்மை லேத்தில் கடைசலுக்குக்கூட அனுப்பினார். ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்ப்பார், சத்தம் இருக்காது. ஜெனிலா கடற்கரைக்குப் போய், மீன் ஏற்றி, மலையில் முதல் வளைவில் பிரேக்கை மிதிப்பாள். பன்றி கத்தும்.

“அண்ணே, ஒங்க முன்னால அது வாயைத் தொறக்க மாட்டேங்குது.”

“எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் மாத்தியாச்சு பிள்ளே. இனி மாத்துததுக்கு நாந்தான் இருக்கேன்.”

அந்தப் பேச்சுக்குச் சிரித்துவிட்டு வந்தவளுக்கு, வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஓட்டும்போது என்ன இல்லை? நான் ஓட்டும்போது என்ன இருக்கிறது?

மீன் இருக்கிறது. ஐஸ் இருக்கிறது. பாரம்.

4

(இந்தப் பகுதியைத் திருத்தவே இல்லை. அவள் சொன்ன வேகத்தில் எழுதியது.)

மறுநாள் மலைக்குப் போகும் வழியில், பெட்டிகள் நிரம்பிய வண்டியை அப்படியே பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாள். சாவியை ஜெயசிங்கிடம் நீட்டினாள்.

“நீங்க ஓட்டுங்க. நான் பின்னால கெடக்கேன்.”

“மீனுக்கெடையிலயா?”

“மீனு எனக்குப் புதுசா?”

பெட்டிகளுக்கு நடுவே குப்புறப் படுத்து, தகரத் தளத்தில் காதை வைத்துக்கொண்டாள். ஐஸ் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. ஜெயசிங் வேகமெடுத்துப் பிரேக்கை மிதித்தார். கத்தல் அவள் எலும்பு வழியாக ஏறியது. இன்னொருமுறை. இன்னொருமுறை. இப்போது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. சத்தம் சக்கரத்துக்குள்ளிருந்து வரவில்லை. சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னாலிருந்து, அடியிலிருந்து வருகிறது. எழுந்து கேபின் கூரையில் ஓங்கித் தட்டினாள். வண்டி நின்றது.

இறங்கிப் பார்த்தாள். அவள் படுத்திருந்த இடத்தில் தளத்தில் ஒரு சிறு ஓட்டை. அதன் வழியே உப்பேறிய ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ காலமாக, ஒரே இடத்தில்.

ஐஸ் உடைக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டிங். டிங். டிங். கோயில் மணி போலத் திடமான இரும்பு. பின்சக்கரத்து வில்பட்டையைச் சேசிஸோடு பிணைக்கும் இரும்புப் பிடிக்கு வந்ததும், சொத்.

அழுகின பலாப்பழத்தைத் தட்டியது போல, சொத்.

கொஞ்சம் ஓங்கி அடித்தாள். துருப் பொருக்குகள் முகத்தில் கொட்டின. சுத்தியலின் மூக்கு இரும்புக்குள் போய் மாட்டிக்கொண்டது.

“அண்ணே! கெடச்சுட்டு!”

ஜெயசிங் டார்ச்சோடு ஊர்ந்து வந்தார். பாரம் ஏறி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்பக்கம் முழுவதும் இந்தப் பிடியைத் தள்ளியிருக்கிறது. பிடி நகர்ந்து சேசிஸோடு உரசியிருக்கிறது. கத்தியது அதுதான். பிரேக் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

துருவேறிய பிடியை விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “மலை எறங்கும்பம் இது விட்டிருந்தா, பின்சக்கரம் ஒரு வழி, வண்டி ஒரு வழி.” சொல்லி முடித்ததும் அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயமும் மகிழ்ச்சியும் கலந்த சிரிப்பு. “பிள்ளே, கண்டுபிடிச்சிட்டமே!”

அன்றைய மீனைப் பட்டறை வாசலிலேயே கூவி விற்றாள். அழுகிய இரும்பை வெட்டியெடுத்து, புதுப் பிடி வைத்து, கனமான தகடு சேர்த்து வெல்டிங் அடித்து, மறுபடி துருவேறாதபடி செம்பூச்சு பூசினார்கள். ஓட்டையில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் போய்த் தெருவில் விழும்படி செய்தது ஜெனிலாவின் யோசனை.

5

இந்த இடத்தில் என் கை அரித்தது. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) வெல்டிங்குக்கு முந்தைய நாள் மலையிறக்கத்தில் பிடி உடைகிறது. ஜெனிலா வண்டியைப் பாறையில்…

ஆ) சூசையின் அண்ணன் வந்து கண்கலங்கி மன்னிப்பு…

இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவது நடந்துவிடக் கூடாது என்றுதான் ஒருத்தி மீன் தண்ணீரில் குப்புறப் படுத்தாள். அதை நான் என் கதைக்காக நடத்தி வைப்பது துரோகம். இரண்டாவது நடக்கவே நடக்காது. அண்ணன் இன்றுவரை “சும்மா குருட்டு யோகம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இது. ஜெனிலாவும் சூசையும் நிறைபாரத்தோடு கீரிப்பாறை ஏறினார்கள். சோதித்துப் பார்க்கப் பாரத்தை இறக்காமலே மறுபடி இறங்கும்போது, முதல் வளைவில் ஜெனிலா பிரேக்கில் காலை வைத்தாள். எஞ்சின் முனகலும் மரங்களில் சீவிடுப் பூச்சிகளின் இரைச்சலும் மட்டும் கேட்டன. இரண்டாவது வளைவில் சூசை ஒரு கண்ணைத் திறந்தான். மூன்றாவதில் மற்றதையும்.

“ஏட்டி, இங்க ஆறு ஒண்ணு ஓடுது!”

“கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து ஓடுது. நீங்க இன்னைக்குத்தான் பாக்குதிய.”

அடிவாரத்துத் தடிக்காரன்கோணம் வரை அவள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாளாம். எதிரே வண்டி ஒன்றும் இல்லை. சும்மா.

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் கடந்த வாரம் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஏலம் முடிந்த மணலில் மீன் வண்டிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் எல்லாம் ஆண்கள், கைகட்டி நின்றார்கள். ஜெனிலா சாக்கை விரித்து ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் புகுந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஜெயசிங் பக்கத்தில் குனிந்து கையை நீட்டி, சொத்தென்று கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். இரண்டு வண்டிகள் அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போயின. அவற்றின் ஓட்டுநர்கள் முகத்தில் வெளுப்பும் இருந்தது, உயிர் தப்பிய மினுக்கமும் இருந்தது.

வரிசையில் கடைசி வண்டி கிளீட்டஸ் என்பவருடையது. புதுப் பெயின்ட்; வெயிலில் கண் கூசியது.

“எனக்க வண்டியில ஒண்ணும் இல்ல மக்கா. தட்டாத, பெயின்ட் போவும்.”

“பெயின்ட் நல்லாத்தான் இருக்கு அண்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். இப்போது வெளியே தெரிவது அவளுடைய பாதங்கள் மட்டும். கிளீட்டஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். டிங் என்றால் அவருக்கு நல்லது. சொத் என்றாலும் அவருக்கு நல்லதுதான், மலையிறக்கத்தை நினைத்தால். நான் எதை எழுதினாலும் அவர் பிழைத்துக்கொள்வார். அதனால் நான் எழுதப்போவதில்லை. காதை இப்படிக் கொண்டுவாருங்கள். சுத்தியலை ஓங்கிவிட்டாள்.