காத்திருக்கும் வண்டிகள்

அக்கா போன் செய்தபோது அவன் சுவரை அடைத்திருந்த திரையைப் பார்த்தபடியேதான் அதைக் காதில் வைத்தான். நகரத்துக்கும் சுற்றியிருந்த ஊர்களுக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் கட்டுப்பாட்டு அறை அது. வெயில் ஒரு வாரமாகக் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு ஏசி. திரையில் தேவையின் கோடு காலையிலிருந்து ஏறிக்கொண்டே போனது. இருப்பின் கோடு அதற்குக் கொஞ்சம் மேலே, மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே ஏறியது.

"ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்கடா," என்றாள் அக்கா. "அம்மாவுக்கு மூச்சு ரொம்ப மோசமா இருக்காம். பாக்கணும்னா இன்னிக்கே வந்துடுங்கன்னு டாக்டர் சொல்லச் சொன்னாராம்."

அம்மா மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் நகரத்தோடு வந்துவிட்ட பிறகும் அவள் மட்டும் அங்கிருந்து அசையவில்லை.

"இருக்கியா?"

"இருக்கேன். நீ கிளம்பு. மாத்து ஆள் வராம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக் கூடாது. இன்னிக்கு யாரும் சீக்கிரம் வரமாட்டாங்க."

"கிளம்பலாம்னுதான் வண்டிகிட்ட நிக்கறேன். சார்ஜ் அடிமட்டத்துல இருக்கு. நேத்துல இருந்து சொருகித்தான் வச்சிருந்தேன்."

அவனுக்கு அது தெரிந்ததுதான். நகரத்தில் பாதிக் கார்கள் அந்தத் திட்டத்தில் இருந்தன. வாசலில் சும்மா நிற்கும் வண்டியின் பேட்டரியிலிருந்து நெருக்கடி நேரத்தில் மின்சாரத்தை வாங்கிக்கொள்வார்கள். நெருக்கடி தீர்ந்ததும் திருப்பி ஏற்றிவிடுவார்கள். எப்போது வெளியே போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அதற்குள் நிரப்பித் தருவார்கள். அக்கா நாளைக் காலை என்று சொல்லிவைத்திருந்தாள். தினமும் அதையேதான் சொல்வாள். அவசரமில்லாத வண்டி என்று கணினி அவளுடையதைத்தான் முதலில் உறிஞ்சியிருக்கும்.

"அவசரப் பொத்தானை அழுத்திப் பாத்தியா?" அதை அழுத்தினால் சொல்லிவைத்த நேரம் வரை காத்திராமல் உடனே சார்ஜ் ஏறும்.

"பாத்தேன். இந்தத் தெருவுக்கு இந்த மாச அளவு முடிஞ்சுடுச்சுன்னு வருது. அதெப்படி முடியும், நான் ஒரு தடவைகூட..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. அக்காவின் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பழசு. அதைக் காப்பாற்றத்தான் தெரு முழுவதற்குமாக மாதம் மூன்று அவசரம் என்று அளவு வைத்திருந்தார்கள். அவன் அக்கா வீட்டு வாசலில் தெருக்காரர்களைக் கூட்டிவைத்துத் திட்டத்தை விளக்கினான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவனுக்கே அதில் ஒரு பித்து. 'பாருங்க, அழுத்தின உடனே ஏறுது' என்று அக்காவின் வண்டியில் அழுத்திக் காட்டினான். பின்னால் நின்ற ஒரு அம்மா தனக்குத் தெரியவில்லை என்றார். மறுபடி அழுத்தினான். எதிர்வீட்டுப் பல் டாக்டர் எல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்ந்தார். அவருக்காக ஒரு தடவை. கைதட்டினார்கள். இருட்டுவதற்குள் தெரு மொத்தமும் திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

"கரண்ட் மகாராஜா," என்றாள் அக்கா. சின்ன வயதிலிருந்து அவனைச் சீண்டக் கூப்பிடும் பேர். இன்று அதில் சீண்டல் இல்லை.

"பக்கத்துல யார்கிட்டயாவது கேளேன்."

"கேக்காம இருப்பேனா? உன் புண்ணியத்துல எல்லார் வண்டியும் இப்படித்தான் நிக்குது. வாடகை வண்டிக்காரன் சார்ஜ் பத்தாது, மலை ஏறமாட்டேங்கறான். பஸ்ஸாவது உண்டான்னு கேட்டா, பஸ்ஸே டிப்போவுல சார்ஜுக்கு நிக்குதாம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "எல்லாம் உன் முன்னாடிதானேடா இருக்கு. எனக்கு மட்டும் கொஞ்சம் விடேன்."

"முடியாதுக்கா."

"முடியாதா, மாட்டியா?"

"முடியாது. எனக்கு இங்க வீடு தெரியாது, வண்டி தெரியாது. எல்லாம் மொத்தமாத்தான் தெரியும்."

"இருக்கற சார்ஜுல மலையடிவாரம் வரைக்கும் போயிடுவேன்," என்றாள். "அங்க ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கில்ல?"

"இருக்கு. காலையில இருந்து நிறுத்தி வச்சிருக்கோம். போகாதேக்கா. வெயில்ல நடுவழியில மாட்டிக்குவே."

"வாசல்ல நின்னு வண்டிக்குக் காவல் காக்கச் சொல்றே? அங்க நின்னா அவளுக்குக் கொஞ்சம் பக்கத்துலயாவது இருப்பேன்."

போனை வைத்துவிட்டாள்.

அவன் மலையடிவார நிலையத்தைத் திரையின் மூலைக்குக் கொண்டுவந்தான். சின்னக் கட்டம். அதற்குள் 'காத்திருக்கும் வண்டிகள்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு எண். வேலைக்கு நடுவே அவன் கண் அங்கேயே போய்ப் போய் வந்தது. எண் பன்னிரண்டில் நின்றது. வெகுநேரம் கழித்துப் பதின்மூன்று ஆனது. அது அக்காவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தான். வேறு யாராவதாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், கண்ணாடியை இறக்கிவிட்டுப் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைத்தான் அவன் பார்த்தான்.

பக்கத்து நாற்காலியில் மீசை இருந்தார். மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பேர் மட்டும் போகவில்லை.

"அண்ணே, மலையடிவாரத்துல ஒரே ஒரு சார்ஜ் முனையை மட்டும் திறக்கலாமா?"

மீசை அவன் முகத்தைப் பார்த்தார். "யாரு அங்க?"

"அக்கா. அம்மாவைப் பாக்கப் போறா."

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். மலையடிவார நிலையம் வழியாக மலைமேல் போகும் கம்பி சிவப்பாக இருந்தது. சூட்டில் இளகி, தொய்ந்து, மரத்தை உரசுகிற அளவுக்கு இறங்கியிருக்கும். மலையடிவாரத்தில் கப்பல் சரக்குப் பெட்டி மாதிரி வரிசையாக அடுக்கிய பெரிய பேட்டரிகளும் சூடு தாங்காமல் பாதிதான் கொடுத்துக்கொண்டிருந்தன.

"திறந்தா அந்தக் கம்பி தாங்குமா?" என்றார். "நீயே சொல்லு. என்னைவிட உனக்கு நல்லாத் தெரியும்."

அம்மாவின் ஊருக்குப் போவதும் அதே கம்பிதான். அவள் மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவி ஓடியதும் அதில்தான். ஆஸ்பத்திரியில் மாற்று பேட்டரி இருக்கும். எவ்வளவு நேரம் வரும் என்று யாருக்குத் தெரியும்? மகளை அனுப்பச் சொன்னால் கம்பி தாயின் மூச்சை விலையாகக் கேட்கிறது.

மீசை எழுந்து போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

பொழுது சாயத் தொடங்கியபோது ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "அம்மா கேக்கறாங்க, பேசுங்க," என்று போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்களா?" குரல் கரகரவென்று எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"அக்கா வந்துட்டே இருக்காம்மா."

"நீ?"

"வேலை முடிஞ்சதும் வரேன்."

அம்மா இடைவெளி விட்டு விட்டு மூச்சு எடுத்தாள். "இங்க ஃபேன் நல்லா ஓடுதுடா," என்றாள். "நீதான் அனுப்பறியா?"

"ஆமாம்மா."

"சாப்பிட்டியா?"

அவன் சாப்பிட்டதாகச் சொன்னான். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. நர்ஸ் போனை எடுத்துக்கொள்ளும் வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சூரிய மின்சாரம் குறையக் குறைய நிலைமை இறுகியது. எண் பத்தொன்பது ஆகியிருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவளே பேசினாள். கஷ்டப்படாமல் போய்விட்டார்கள் என்றாள். மகளுக்குப் போன் போகவில்லை, சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது, நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றாள். சரி என்றான். நன்றி என்றும் சொன்னான்.

மீசைக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அவனுடைய திரைகளில் இரண்டைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டார். கட்டம் இருந்த திரையை மட்டும் விட்டுவைத்தார்.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து மலையில் காற்று எழுந்தது. காற்றாலைகளின் கணக்கு மெல்லத் துளிர்த்து மடமடவென்று ஏறியது. கம்பியின் சூடு தணிந்தது. சிவப்பு மஞ்சளானது. யாரும் எதையும் தொடவில்லை. கணினி தானாகவே மலையடிவார நிலையத்தைத் திறந்தது. பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு. அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

அக்காவின் பேர் போனில் வந்தது. எடுக்காமல் இருக்க முடியுமா என்று நினைத்தபடியே எடுத்தான்.

"ஏறுதுடா," என்றாள். தொண்டை வறண்டு கிடந்தது. ஆனாலும் குரலில் சின்னப்பெண்ணின் துள்ளல். "இப்பத்தான் சொருகினேன். போன்கூடச் செத்துப்போய் இப்பத்தான் உயிர் வருது. வரிசையில முதல்ல நின்ன பெரியவர், நீ போம்மான்னு அவர் இடத்தையே விட்டுக்கொடுத்துட்டாரு. நீதானே திறந்துவிட்டே?"

அவன் வாயைத் திறந்தான். அவளுக்கு முன்னால் மலைப்பாதை இருந்தது. கூட யாருமில்லை. வளைவுகள் அத்தனையும் இருட்டில்.

"என்னடா, பேசமாட்டேங்கறே? அம்மா எப்படி இருக்கா? போன் வந்துச்சா?"

"வந்துச்சு," என்றான். "பேசினா. ஃபேன் நல்லா ஓடுதுன்னா."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "நான் வந்துட்டிருக்கேன்னு அவகிட்ட சொல்லிடு. தூங்கிடப்போறா."

"சரி," என்றான். "நீ அவசரப்படாதே. பாத்து வா."