சின்ன எழுத்தில் மீசை

பிளக்ஸ் கடைக்காரர் பெலிக்ஸ் கம்ப்யூட்டரில் 'ரெங்கசாமி' என்று தட்டியதும் பழைய டிசைன் ஒன்று திரையில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் ரகுநாத் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதே படம், அதே மாலை, அதே கொட்டை எழுத்து.

அப்பா செத்துப்போனார் என்று கேட்டு ஷார்ஜாவிலிருந்து ஓடி வருகிறவன், வீட்டுக்குப் போகாமல் அறந்தாங்கி பிளக்ஸ் கடையில் முதலில் இறங்குவானா? ரகுநாத் இறங்கினான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை யாரும் தொடக்கூடாது, தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சித்தப்பா ஆத்மநாதனிடம் போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தான். ஒரு முறை சூடுபட்டவன் அவன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு வாய்க்குள் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. அதற்காக ஆஸ்பத்திரியில் மீசையை வழித்துவிட்டார்கள். கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எலுமிச்சம்பழம் நிற்கும் என்று அவர் பீற்றிக்கொண்ட மீசை அது. பத்து நாள் கழித்து, அம்மாவின் தம்பி ஆண்டிச்சாமி மாமாவின் நம்பரிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் மாலையோடு அப்பா படம். கீழே கொட்டை எழுத்தில் 'கா. ரெங்கசாமி அவர்களின்'. அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்தது போல, 'மீசை'. வருத்தத்துடன் இருப்பவர்கள் சீப்பும் கத்தரிக்கோலும் மைக்குப்பியும்.

ஊரே வயிறு வலிக்கச் சிரித்ததாம். ரகுநாத் அதைப் பார்த்தது உச்சி வெயிலில், வேலை நடந்துகொண்டிருந்த கட்டடத்தின் ஏழாவது மாடியில், கண்ணாடி கீறிப்போன போனில். படம் தெரிந்தது, மாலை தெரிந்தது, பெயர் தெரிந்தது. மீசை தெரியவில்லை. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தவன் வீட்டுக்கு எத்தனை தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் தெருமுனையிலேயே "அப்பா"வென்று அலறிக்கொண்டு வீட்டுக்குள் வந்து விழுந்தபோது, அப்பா கட்டிலில் சாய்ந்து உறிஞ்சு குழாயில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வேகத்தில் மாமாவைப் பிடித்து வாசல் வரை தள்ளிவிட்டான். "சாவு ஒங்களுக்கு வெளையாட்டா மாமா? இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க" என்று தெருவே கேட்கக் கத்தினான். வாய் திறந்து பேச முடியாத அப்பா, எழுதிக் காட்டும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவுக்காகக் கட்டிலெல்லாம் தடவினார். மாமா திரும்பி வந்து, கீழே கிடந்த பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். போகிற போக்கில் பேனாவையும் அள்ளிக்கொண்டு போகிறாரே என்று அன்றைக்கு ரகுநாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு மாமா அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்போது பெலிக்ஸ் திரையைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் இருந்தார்.

"ரெங்கசாமி ஐயா இந்த ஸ்டூல்லதாங்க ஒக்காந்திருந்தாங்க. வாயில துண்டு சுத்தியிருந்துச்சு. ஒண்ணொண்ணா எழுதிக் காட்டக் காட்ட நான் போட்டேன்."

"ஆண்டிச்சாமி மாமாதானே போடச் சொன்னாரு?"

"அவுக வேணாம் வேணாம்னுல்ல சொன்னாக. 'பய வெளியூர்ல இருக்கான், தப்பா எடுத்துக்குவான் மச்சான்'னு. ஐயாதான் கேக்கல. மகன் போன்ல அழுதுக்கிட்டே இருக்கான், அவன ஒருதரம் சிரிக்க வைக்கணும்னு எழுதிக் காட்டுனாங்க. ஐயாகிட்ட பட்டன் போனு. அதான் ஒங்க மாமா போன்லேருந்து அனுப்புனது."

ரகுநாத் அந்த ஸ்டூலைப் பார்த்தான். பேனாவை மாமா எதற்கு எடுத்துக்கொண்டு போனார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நோயாளி மேல் மகனுடைய கோபம் திரும்பிவிடக்கூடாது என்று ஒரு மனிதர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். சொல்லக்கூடாது என்று அப்பாவிடமும் எப்படியோ வாக்கு வாங்கியிருக்க வேண்டும்; இரண்டு வருஷமும் அவர் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. அந்தப் போஸ்டரை நம்பி ஓடிவந்ததால் பதினேழு நாள் அவன் ஊரில் இருந்தான். அப்பாவைக் கட்டு மாற்றத் திருச்சிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனான். கீரனூர் தாண்டும்போதெல்லாம் அவர் இவன் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டான். பதினோரு வருஷ ஷார்ஜா வாழ்க்கையில் அப்பாவோடு அவனுக்குக் கிடைத்தது அந்தப் பதினேழு நாள்தான். அது மட்டும் இல்லையென்றால் ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் அப்பாவைத்தான் பார்த்திருப்பான். சிரிப்பதற்காக அனுப்பியதை அழுதுகொண்டே வாங்கினாலும், அவனுக்குக் கிடைத்ததென்னவோ பெரிய கொடைதான். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் பெலிக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

புதுப் போஸ்டரை ஓர் எழுத்துப் பிசகாமல் அடிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். ஐஸ் பெட்டி நடுக்கூடத்தில் இருந்தது. அப்பாவைப் பார்த்து அழுது முடித்து நிமிர்ந்தபோது, பெண்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அம்மா ராஜலட்சுமிக்குப் பிறந்த வீட்டுக் கோடி இன்னும் வரவில்லை. புருஷன் செத்த அன்றைக்குக் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டிய புதுச்சேலை அது. அம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி. அது வராமல் பிணத்தை எடுத்துவிட்டால், இவளுக்குக் கேட்க நாதியில்லை என்று சாகிறவரைக்கும் ஊர் சொல்லும்.

"நாம எடுத்து வச்சிருக்கிற சேலையப் போத்திருவோம். சாவக் கேலி பண்ணுனவன் கைச்சேல இந்த வீட்டுக்கு வேணாம்" என்றார் சித்தப்பா ஆத்மநாதன். அம்மா வாசலைப் பார்த்தாள், பிறகு ரகுநாத்தைப் பார்த்தாள்.

மாமா எங்கே என்று விசாரித்தான். விடிந்ததிலிருந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறாராம். ரகுநாத் செருப்புக்கூடப் போடாமல் நடந்தான்.

நிழற்குடைக்குள், மடியில் துணிக்கடைப் பையை வைத்துக்கொண்டு ஆண்டிச்சாமி மாமா உட்கார்ந்திருந்தார். ஆள் நல்ல பாரி உடம்பு. இவனைக் கண்டதும் எழுந்து பையை நீட்டினார்.

"இத மட்டும் ஒங்காத்தாகிட்டக் குடுத்துரு மாப்ள. நான் இங்கிட்டே இருக்கேன். தூக்கிட்டுப் போகும்போது கூட வாரேன்."

"கடைக்குப் போனேன் மாமா. பெலிக்ஸ் எல்லாஞ் சொன்னாரு."

மாமா ரோட்டைப் பார்த்தார்.

"ஒரு தடவயாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல."

"சொன்னா ஒங்கப்பன வைவே. அவரு அப்ப இருந்த இருப்புக்கு அதத் தாங்க மாட்டாரு. எனக்கென்ன, எருமத் தோலு." பையைக் கைமாற்றிக்கொண்டு, "வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்க மாப்ள" என்றார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ரகுநாத் வந்தான். வாயில் வந்தது வேறு.

"மிதிக்க வேணாம். நாலு பேராத் தூக்கிக்கிட்டுப் போறோம். பாடைதான் தாங்குமான்னு பாக்கணும்."

சொன்ன பிறகுதான், எழவு நாளில் உயிரோடு இருக்கிறவரைப் பார்த்து என்ன சொல்லிவிட்டோம் என்று திக்கென்றது. மாமா அவன் முகத்தையே பார்த்தார். பிறகு அவன் தோளில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ரகுநாத் பார்க்கவில்லை.

இருவரும் வந்தபோது வாசலில் பேச்சு நின்றது. மாமா பையைப் பிரித்து, பச்சைக்கரைச் சேலையை அக்காள் தோளில் போர்த்தினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மாமா பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். என்ன பேசித் தொலைக்கப் போகிறாரோ என்று கூடமே அவர் வாயைப் பார்த்தது. பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"ஏசி வேணும் ஏசி வேணும்னு கேட்டீங்களே மச்சான். வந்துருச்சு. இனிமே வேர்க்காது."

யாரோ ஒரு பெண் 'ச்சீ' என்றாள். ஆத்மநாதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எழவு வீட்ல பேசுற பேச்சாய்யா இது" என்று கை ஓங்கி வந்தவரை ரகுநாத் குறுக்கே நின்று தடுத்தான்.

"விடுங்க சித்தப்பா. அப்பா இருந்தா அவருதான் மொதல்ல சொல்லியிருப்பாரு."

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகைதான் என்று எல்லோரும் திரும்பினார்கள். அம்மா கோடிச்சேலையின் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஆத்மநாதன் ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தொண்ட காயுது, கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்றாள் அம்மா. நேற்றிலிருந்து அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ரகுநாத் செம்பில் மொண்டுவந்து கொடுத்தான். பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவள் தம்பியிடம் நீட்டினாள். அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.