பம்பு மூடியில் வந்த சிவப்பு

கரமனையில் நீலகண்டனின் டிசைன் ஆபீஸுக்குப் பெயர்ப்பலகை ஆபீஸை விடப் பெரியது. அதில் அவர் 'சீஃப் டிசைன் கன்சல்டன்ட்'. அந்தச் சீஃபுக்குக் கீழே இருந்தவள் திவ்யலட்சுமி ஒருத்திதான். வரைவதெல்லாம் அவள், விளக்குவதெல்லாம் அவர்.

2003இல் ஒரு நாள், பம்பு செய்கிற சத்தியதாஸ் தன் பம்பின் மாடலைப் பார்க்கக் களியக்காவிளையிலிருந்து வந்தார். திவ்யா பம்பின் உடலையும் மூடியையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக இணைத்தாள். இணைந்ததுதான் தாமதம், அதுவரை சாம்பலாக இருந்த மூடியின் சில பக்கங்கள் குங்குமமாகச் சிவந்தன.

"இது என்னவாக்கும் செவப்பு? அங்ஙன விரிசல் வல்லதும் உண்டா?" என்றார் சத்தியதாஸ்.

திவ்யா இணைப்பைப் பிரித்தாள். சாம்பல். மறுபடி இணைத்தாள். சிவப்பு.

"தெரியலை சார். நான் கலரே தொடலை."

"பின்னே தானா வந்து ஒட்டிண்டதோ?" நீலகண்டன் சத்தியதாஸ் பக்கம் திரும்பினார். "ஜூனியர்ஸ் அல்லே, ஸ்ரத்தை போறாது. நீங்க ஒண்ணும் நினைச்சுக்கப்படாது."

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

வேறு வழியின்றி நீலகண்டனே மௌஸைப் பிடித்தார். மூடி அவருடைய பழைய ஃபைலிலிருந்து எடுத்தது. ஆபீஸ் திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று அந்தப் பக்கங்களுக்குச் சிவப்பு கொடுத்தவர் அவரேதான். பிறகு மூடி முழுவதற்கும் மேலே சாம்பலைப் போர்த்திவிட்டு மறந்துபோனார். மூடியும் பம்பின் உடலும் ஒன்றானபோது போர்வை விலகி, பக்கங்களின் சொந்த நிறம் வெளியே வந்திருந்தது. சிவப்பை நீக்கிவிட்டு இணைத்தார். சரியாயிற்று. அதற்கு மேல் பம்பில் என்ன வரையவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

'தப்பு என்னோடது, வந்துடும்மா' என்று பஸ்ஸில் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வலியசாலையில் அவள் வீட்டுக்குப் போனார்.

"வாங்கோ சார்" என்றாள் திவ்யா.

"காரணம் கிடைச்சாச்சு, கேட்டியா. பேஸிக்கலி இது ஃபேஸ் கலருக்கும் பாடி கலருக்கும் உள்ள ஒரு கான்ஃப்ளிக்ட். ரெண்டு பாடியை ஒண்ணாக்கறச்சே..."

"செவப்பு கொடுத்தது ஆரு சார்?"

"அது... பழைய ஃபைல்லேயே இருந்திருக்கு."

அவள் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"சத்தியதாஸ் சார்கிட்டே சொன்னேளா?"

"டெக்னிக்கல் ரிப்போர்ட் ஒண்ணு ரெடி பண்றேன்."

"நான் செய்யலைன்னு அதிலே இருக்குமோ?"

"ரிப்போர்ட்லே பெர்சனல் மேட்டர் வரப்படாது, திவ்யா."

"சரி சார். திங்கக்கிழமை டெக்னோபார்க்கிலே ஒரு கம்பெனியிலே வேலைக்குச் சேர்றேன். காப்பி குடிச்சுட்டுப் போங்கோ."

குடித்தார். காப்பி பிரமாதம் என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.