கொடுக்கிற வீட்டுப் பெண்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வேண்டிய சரக்கே இல்லை. நான் படித்த பள்ளியின் ஆண்டு மலருக்கு, 'ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கல்லூரிக்குத் தயாராவது எப்படி' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். மாணவிகளுக்குப் பயன்படுமாம். சரியென்று உட்கார்ந்தேன்.

'மாணவிகளே, திட்டமிட்டு உழைத்தால் எந்தக் கதவும்

என்று எழுதி, அங்கேயே பேனாவை மூடிவிட்டேன். எனக்குத் தெரிந்த கதவுகளில் பாதி, திட்டமிட்டு உழைத்தவளின் மூக்குக்கு நேராகத்தான் சாத்திக்கொண்டன. எழுத அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பிலிருந்து வந்தவள்தான் நிதா. அவள் ஒருத்தி இல்லை. கோட்டைமேட்டுப் பக்கம் நான் பார்த்த நாலைந்து பெண்களைச் சேர்த்துப் பிசைந்து செய்தது.

2

வேறு மாதிரி தொடங்கிப் பார்க்கலாம்.

'1996 ஜூலை. உக்கடம் குளத்திலிருந்து வீசிய காற்று

வேண்டாம். அந்தக் காற்றோடு தொடங்கினால் வாசகர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். நேராகவே சொல்கிறேன்.

நிதா ஒன்பதாவது படிக்கும்போது கணக்கு டீச்சர் கோமளா, "இன்ஜினீயரிங் போறதுன்னா இப்பவே ஆரம்பிக்கோணும் அம்மணி, அப்பறம் அழுது பிரயோசனமில்லை" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது மறந்தே போயிருக்கும். நிதாவுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நுழைவுத் தேர்வு கைடில் யாரோ பென்சிலால் விடைகளைக் குறித்திருந்தார்கள், பாதி தப்பு. எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிட்டுப் பிறகு படித்தாள். வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நின்றாள். சார் கேம்ப் போயிருக்கிறார் என்றார்கள். மறுபடியும் போய் நின்றாள்.

(கட்டுரையாக இருந்தால் இந்த இடத்தில் 'விடாமுயற்சி' என்று துணைத் தலைப்பு போட்டிருப்பேன்.)

சீட் கிடைத்துவிட்டது. கரூருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில், இலவச ஒதுக்கீட்டில். ஆனால் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். விடுதிப் பணத்தோடு வரும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் சீட் அடுத்தவருக்கு. அந்தப் பணத்துக்கும் அவள் பத்தாவதிலேயே வழி விசாரித்து வைத்திருந்தாள். பள்ளிவாசல் ஜமாஅத்தில் கல்வி உதவி தருகிறார்கள். அவள் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், அத்தா என்று அவள் கூப்பிடும் தன் அப்பாவை.

3

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.)

வசதியுள்ள முஸ்லிம் ஆண்டுக்கொரு முறை தன் செல்வத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுப்பது ஜக்காத். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால்தான் அது கடமை. அதற்குக் கீழே இருப்பவர் கொடுக்க வேண்டியதில்லை, தேவைப்பட்டால் வாங்கலாம். ஜமாஅத்தின் கல்வி உதவி இந்தப் பணத்திலிருந்துதான் போகிறது.

நிதாவின் அத்தா ரசாக் கழிவுப் பஞ்சு வியாபாரி. மில்லில் நூற்றது போக மிஞ்சுவதை வாங்கி மெத்தை தைப்பவர்களுக்கு விற்பார். அவர் நம்பியிருந்த மில் மூடிக்கொண்டபோது நிதா எட்டாவது. குடோன் போயிற்று. வேன் போயிற்று. ஜக்காத் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு ரமலானிலும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு அது கடமையே இல்லை என்று ஆன பிறகும் கொடுத்தார். ஒரு வருடம் அப்படிக் கொடுத்துவிட்டு வந்த வாரம், அவர் மனைவி பக்ருன்னிசாவின் காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது. முக்காடு போடுகிறவர் என்பதால் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஆளை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. வீம்புக்காரர் என்று எழுதினேன், அடித்தேன். தங்கமான மனிதர் என்று எழுதினேன், எனக்கே எரிச்சலாக வந்தது, அதையும் அடித்தேன்.

4

ஜமாஅத் செயலாளர் உவைஸ் நல்ல மனிதர். அம்மாவும் மகளும் ஆபீஸுக்குப் போனதும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

"வாங்கக்கா, உக்காருங்க. ரசாக் பாய் சொல்லியுட்டாருங்களா? இந்த வருசம் எத்தனை பிள்ளைங்க படிப்புக்குக் குடுக்கறாருங்க?"

பக்ருன்னிசா மகளைப் பார்த்தார். நிதாதான் சொன்னாள்.

"குடுக்க வரலீங்க. எனக்குக் கேக்கத்தானுங்க வந்தோம்."

உவைஸ் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையைத் துடைத்தார்.

"ஏனம்மணி, உங்க ஊடு குடுக்கற ஊடாச்சே. குடுக்கறவங்களுக்கே திருப்பி எடுத்துக் குடுத்தா, கமிட்டியில என்னை நாக்கப் புடுங்கற மாதிரி கேப்பாங்களே."

"இப்ப எங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க."

"நீ சொல்றது எனக்குப் போதும் கண்ணு, கமிட்டிக்குப் போதாது. வெள்ளிக்கிழம ஜும்மா தொழுகை முடிஞ்சதும் கூட்டம் இருக்குது. உங்கத்தா வந்து, 'நான் வாங்கற நெலமையிலதான் இருக்கறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாருன்னா அன்னைக்கே பணத்தைக் குடுத்தரலாம்."

ஒரு வார்த்தைதானே. இத்தனை வருடம் படித்து வாங்கிய மார்க்கெல்லாம் இன்னொருவர் வாயில் இருக்கும் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. படியிறங்கும்போது நிதா கால் வலிக்கிறது என்றாள். பக்ருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

5

சாப்பாட்டு நேரத்தில் உவைஸ் சொன்னதைச் சொல்லிவிட்டு நிதா கேட்டாள்.

"வெள்ளிக்கிழம வர்றீங்களாங்கத்தா?"

ரசாக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தபால்ல பி.காம் படிச்சா என்ன கண்ணு? ஊட்டோட இருந்துக்கலாமல்லோ."

"நான் இத்தனை நாள் படிச்சது பி.காமுக்கில்லீங்க."

"அங்க அத்தனை பேருக்கும் என்னைக் குடுக்கறவனாத்தான் தெரியும். குடோன் போயிருச்சு, வண்டி போயிருச்சு. மிச்சமிருக்கறது அந்த ஒண்ணுதான். அதையும் போயி எறக்கி வெச்சுப்போட்டு வரச் சொல்றயா?"

நிதாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

"நீங்க குடுத்தது என்ர படிப்புங்கத்தா. அம்மாவோட தோடுங்க. எங்களைக் கேட்டுட்டா குடுத்தீங்க?"

ரசாக் பாதிச் சோற்றிலேயே கை கழுவினார். (இங்கே அவர் சொல்வதற்குப் பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.)

6

முடிவுக்கு வந்தாக வேண்டும்.

மில்லை மூடிய முதலாளி சென்னகேசவன் செய்தி கேட்டு ஓடிவந்து அறக்கட்டளைப் பணம் கொடுக்கிறார் என்று ஒரு முடிவு எழுதினேன். கெடுத்தவரையே காப்பாற்ற வைக்கும் அளவுக்கு நான் இன்னும் களைத்துப்போகவில்லை. கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று, 'அடுத்த வருடம் பார்க்கலாம்.' அடுத்த வருடம் உடுமலைப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண் நன்றாகப் படிக்குமாமே என்று மெச்சிக்கொண்டே காபி குடிக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.

மிச்சமிருப்பது வெள்ளிக்கிழமை.

7

ரசாக் வந்தார். இதை மட்டும் சந்தேகமில்லாமல் எழுதினேன், மகள் மேல் அவருக்கு அத்தனை பிரியம். அவர் உள்ளே வந்ததும் கமிட்டியார் எழுந்து சலாம் சொல்கிறார்கள். "வாங்க பாய், இப்படி முன்னால வந்து உக்காருங்க" என்று தாங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே ஒரு நாற்காலியைக் காட்டுகிறார்கள். அவர் உட்காரவில்லை. உவைஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, எல்லோர் முன்னாலும் கேட்கிறார்.

"சொல்லுங்க பாய். நீங்க ஜக்காத் வாங்கற நெலமையிலயா இருக்கறீங்க?"

"நான்," என்கிறார் ரசாக். அங்கேயே நிறுத்திவிட்டுக் காலி நாற்காலியைப் பார்க்கிறார்.

வாசலில் அம்மாவோடு நிற்கும் நிதாவுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வருகிறது.

அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. இந்த மனிதரைத் தள்ளித் தள்ளி இந்த அறை வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன், என்னால் ஆனது அவ்வளவுதான். முன்வரிசை நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இதைப் படிக்கிற நீங்கள் வந்து உட்காருங்கள். நீங்களும் யாருக்காவது எதையாவது கொடுத்திருப்பீர்கள். கொடுக்கும் முன் உவைஸ் மாதிரியேதான் கேட்டிருப்பீர்கள். திங்கட்கிழமைக்குள் நிதா கரூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். அந்த மனிதரால் ஆமாம் என்று சொல்ல முடிகிற மாதிரி கேளுங்கள்.