பெயர் கிடைத்த பட்டன்கள்

அண்ணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. திரையில் இருப்பதைக் கணினி அவளுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லும். அந்தக் குரலின் வேகத்தில், மற்றவர்கள் காதில் தையல் மெஷின் ஓடுவதுபோல்தான் விழும். அவளுடைய கொழுந்தன் டிரம்ஸ் வாசிப்பவன். அண்ணி அவனுக்கு வைத்த பெயர் டமாரம். பின்னறையில் அவன் பாட்டுகள் பதிவு செய்வான்.

"இந்தப் பாட்டுல குரலையும் வாத்தியங்களையும் நான் மிக்ஸ் பண்றேன்டா," என்றாள் ஒரு நாள்.

இசை மென்பொருளைத் திறந்ததும் கணினி திணறியது. "பட்டன்... பட்டன்... பட்டன்..." எல்லாமே வெறும் படங்கள், எதற்கும் பெயர் இல்லை.

"வாயடைச்சுப் போச்சே!" என்று சிரித்தவள், மறுநாளே கணினிக்கு அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

"இடது மூலையில என்ன இருக்கு?"

"சிவப்பா ஒரு வட்டம், அண்ணி."

"நிறம் கிடக்கட்டும். அது என்ன செய்யும்?"

"ரெக்கார்ட் பண்ணும்."

அவன் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு படத்துக்கும் பெயரும் அழுத்த ஒரு விசையும் கொடுத்தாள். ஒன்று சரியானால் இன்னொன்று கவிழும். "சாப்பிட வர்றீங்களா, இல்ல அதுக்கும் ஸ்கிரிப்ட் எழுதணுமா?" என்று அண்ணன் சமையலறையிலிருந்து கத்துவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரையை அணைத்தே வைத்துக்கொண்டு அவள் பாட்டை மிக்ஸ் செய்தாள். விரல்கள் விசைகளில் ஓடின. டிரம்ஸ் பின்னால் நகர்ந்தது. பாடகியின் குரல் அறையின் நடுவில் வந்து நின்றது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தான் வாசித்த பாட்டை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் இருந்தது டமாரத்துக்கு.

ஸ்கிரிப்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டாள். சில வாரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவரின் குரல்பதிவு வந்தது.

"எனக்கும் பார்வை இல்லைம்மா. மேடையில வயலின் வாசிக்கிறவன். இத்தனை வருஷமா ரெக்கார்ட் பட்டனை யாராவதுதான் அழுத்தித் தருவாங்க. இன்னைக்கு வீட்டுல ஒருத்தரும் இல்ல. நானே அழுத்தினேன். கேளுங்க."

ஒரு வயலின் தொடங்கியது. அதன்மேல் இன்னொன்று, பிறகு இன்னொன்று. கடைசியில் நான்கு. நான்கும் அவரே.

அண்ணன் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றான்.

"மூணாவது கொஞ்சம் முந்துது," என்றாள் அண்ணி. "முந்தட்டும்."

மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.