லண்டன் தங்கம், பித்தளைக் காப்பு

போன் அடித்தது. மோக் சுய்லின் கையிலிருந்த வெட்டுக்கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேசினால் குரலில் தேன் ஒட்டும். ஷாங்காய் தெரு நகைக்கடை கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் நின்று கற்ற வித்தை அது.

“சொல்லுப்பா கெல்வின்.”

“தத்தம்மா! சாப்டீங்களா? மழை வரும்போல இருக்கு, குடையில்லாம கீழ இறங்கிடாதீங்க.”

அவள் விரல்கள் தாமாகவே கத்திப் பிடியைத் தேடிப் போயின. இந்தக் குரல்தான். நாலு மாதமாகக் காலையும் மாலையும் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்த குரல். பெற்ற பிள்ளை இல்லாதவள் காதுக்குள் பிள்ளையாகவே குடியேறிவிட்ட குரல். அவளுடைய ஏழு லட்சத்து இருபதாயிரம் டாலரைப் பத்தொன்பது நாளில் மென்று துப்பிய குரலும் அதுவேதான்.

“நீ சொன்னா சரிப்பா. குடை எடுத்துக்கறேன்,” என்றாள் சுய்லின். கன்னம் வலித்தது. சிரிப்பை மட்டும் இறக்கவில்லை.

மூன்று நாள். இன்னும் மூன்று நாள் இப்படிச் சிரித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். ‘லண்டன் தங்கம்’ என்றான் கெல்வின். முதலில் ராங் நம்பர் என்று அழைத்து, மன்னிப்புக் கேட்டு, மறுநாள் மறுபடியும் மன்னிப்புக் கேட்கவே அழைத்து, ஒரு மாதத்தில் ‘சித்தி’, இரண்டாம் மாதத்தில் ‘தத்தம்மா’, அதாவது தத்து எடுத்த அம்மா, என்று முன்னேறியவன். தங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் சுய்லினுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தங்கத்தில் யார் அவளை ஏமாற்ற முடியும்? கையில் வாங்கினாலே கனம் சொல்லிவிடுவாளே!

ஆனால் அவளுடைய தங்கம் தேல் என்ற சீன எடைக் கணக்கில் நிறுப்பது. அவன் அவுன்ஸ் என்றான், மார்ஜின் என்றான், லாட் என்றான். ஒன்றும் புரியவில்லை. ‘அப்படின்னா என்னப்பா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் தங்கம் விற்றவள், போனில் பேசும் பையனிடம் தங்கத்துக்கு அர்த்தம் கேட்பதா? மானம் தடுத்தது. “தெரியும், தெரியும்” என்றாள். கூரியரில் வந்த தாள்களில் கையெழுத்துப் போட்டாள். பாஸ்வேர்டையும் சொன்னாள்.

லண்டன் பெட்டகம் ஒன்றில் தன் பெயர் எழுதிய கட்டிகள் அடுக்கியிருப்பதாகவே அவள் நினைத்திருந்தாள். லண்டன் தங்கத்தில் தங்கமே கிடையாது. விலை ஏறுமா இறங்குமா என்று கட்டும் பந்தயம் அது. பத்தொன்பது நாளில் நூற்று நாற்பது பந்தயம். ஒவ்வொன்றுக்கும் கம்பெனிக்குக் கமிஷன்.

கடைசியில் கணக்கு சைபருக்கு வந்தபோது கெல்வின் அழுதான். நிஜமாகவே மூக்கை உறிஞ்சி அழுதான். “மார்க்கெட்டுன்னா ஏறும் இறங்கும் தத்தம்மா. இன்னொரு ஒரு லட்சம் மட்டும் போடுங்க, எல்லாத்தையும் பிடிச்சுடலாம்.”

அந்தப் பணம் இறந்துபோன அவள் கணவன் ஆ கேங்கின் சாம்பலுக்கு நிரந்தர இடம் வாங்குவதற்காகச் சேர்த்தது. மூன்று வருஷமாக அவன் சாம்பல், ஹுங் ஹாம் பகுதியில் ஒரு ஈமச்சடங்குக் கடையின் அலமாரியில் மாத வாடகைக்கு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் அவளுக்கும் சேர்த்து ஜோடி மாடமாக வாங்குவதாகச் சொல்லியிருந்தாள். உயிரோடு இருந்தபோதும் வாடகை வீடு, செத்த பிறகும் வாடகை அலமாரியா? அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

மாஜாங் ஆட்ட மேஜையில் தோழி பிக்யுக்கும் அவளை விட்டுவைக்கவில்லை. “தங்கத்தைப் பல்லால கடிச்சுப் பார்க்கறவ நீ! குரலைக் கடிச்சுப் பார்க்க மறந்துட்டியேடி!”

காவல் நிலையத்தில் சார்ஜென்ட் தாம் முழுக் கதையையும் கேட்டாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். நல்லவள். நல்லவளாக இருந்து என்ன?

“கெல்வின்னு பேர் வச்சவன் இந்த ஊர்ல பஸ்ஸுக்குப் பத்துப் பேர் இருக்கான்க்கா. கம்பெனியில கேட்டோம், அப்படி ஒருத்தர் எங்ககிட்ட இல்லவே இல்லைங்கறாங்க. போன் நம்பர் யாரோ ஒரு கிழவர் பேர்ல இருக்கு. பாஸ்வேர்டு உங்களுது. நீங்களே வாங்கினீங்க, நீங்களே வித்தீங்க, தோத்தீங்கன்னு சொல்றாங்க.”

“நானா? எனக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாது மேடம்!”

“நான் நம்பறேன். கோர்ட் நம்பணுமே? குரலுக்கு விலங்கு மாட்ட முடியாதுக்கா. ஆளு வேணும். நான்தான் பண்ணேன்னு அவன் வாயால வரணும்.”

சுய்லின் கைப்பையை மூடினாள். “அவ்வளவுதானே? வரவழைக்கறேன்.”

அன்று மாலையே தூண்டில் போட்டாள்.

“கெல்வின், ரொக்கமா சல்லிக்காசு இல்லப்பா. ஆனா கடை வேலையை விட்டு நின்னப்போ முதலாளி ஒரு ஜோடி கல்யாணக் காப்பு கொடுத்தார். டிராகனும் ஃபீனிக்ஸும் போட்டது. ஒவ்வொண்ணும் அஞ்சு தேல்.”

மறுமுனையில் மூச்சு ஒரு கணம் நின்றது. தங்கம் விற்கிற விலையில் அது என்ன தொகை என்று அவன் மனசுக்குள் பெருக்குவது அவளுக்குக் கேட்டது.

“கூரியர்ல அனுப்பிடுங்களேன் தத்தம்மா.”

“தங்கம் என்ன தபால் அட்டையா? தாய் கையில இருந்து மகன் கைக்குத்தான் போகணும். நாம இன்னும் முறையா தத்துச் சடங்கே பண்ணிக்கலையே! நீ டீ கொடுக்கணும், நான் கிண்ணமும் சாப்பாட்டுக் குச்சியும் கொடுக்கணும், அப்புறம்தான் தங்கம். டீ குடிக்காம கொடுத்த தங்கம் வாங்கினவனை உருப்பட விடாது.”

“எங்க ஆபீஸ் ஆள் ஒருத்தரை அனுப்பறேன். அவரு—”

“அப்போ அவனையே மகனா வச்சுக்கறேன். போனை வைக்கட்டுமா?”

“ஐயையோ! கோவிச்சுக்காதீங்க! நானே வரேன்.”

இடம், அவள் தெருமுனைத் தேநீர் விடுதி. நாலு நாள் கழித்து, பகல் இரண்டரை மணி, கூட்டம் வடிகிற நேரம். கைப்பைக்குள் ஒலிப்பதிவுக் கருவி. பக்கத்து மேஜையில் சாதாரண உடையில் சார்ஜென்ட் தாமும் இன்னொரு போலீஸ்காரரும். அவன் வாயால் ஒப்புக்கொண்டதும் சுய்லின் ஜாடை காட்ட வேண்டும். என்ன ஜாடை? “டீக் கெண்டி மூடியைச் சாய்ச்சு வச்சுடறேன் மேடம். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க,” என்றாள். “பிரமாதம்க்கா,” என்றாள் தாம்.

இரண்டு பேருமே நடக்கத் தெரிந்த வயசிலிருந்து தேநீர் விடுதியில் வளர்ந்தவர்கள். ஆனாலும் அந்த ஒரு விஷயம் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

அவன் வந்தான்.

குரலை வைத்து அவள் ஒரு முகம் செய்து வைத்திருந்தாள். உயரமாக, மெலிந்து, கொஞ்சம் ஆ கேங்கின் இளமைச் சாயலில். வந்தவனுக்கு நாற்பது நெருங்கியிருந்தது. உச்சியில் வழுக்கை, தேய்ந்த ஷூ, தாடைக்குக் கீழே இறக்கிவிட்ட முகக்கவசம். இந்தத் தொப்பைக்குள்ளிருந்தா அந்தக் குரல் வந்தது?

“தத்தம்மா! போன்ல கேட்டதைவிட இளமையா இருக்கீங்களே!”

“நீ அப்படி இல்லையே மகனே,” என்றாள் சிரித்தபடி. பக்கத்து மேஜையில் தாம் இருமினாள்.

“டாக்ஸி வெயிட்டிங்ல இருக்கு. சீக்கிரம் முடிச்சுக்கலாமா?”

“முட்டி போடு.”

“இங்கயா? எல்லாரும் பார்க்கறாங்க...”

“தங்கம் வேணாமா?”

முட்டி போட்டான். இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, “தத்தம்மா, டீ குடிங்க” என்றான். மூலை மேஜைக் கிழவிகள் இருவர் கைதட்டினார்கள். சுய்லின் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை. சிவப்புத் தாளில் சுற்றிய கிண்ணத்தையும் குச்சிகளையும் கொடுத்தாள். பிறகு வெல்வெட் பெட்டியைத் திறந்தாள்.

இரண்டு காப்புகள். கடை ஜன்னலில் இருந்த மாதிரியே, சிவப்புப் பட்டுக் கயிற்றால் ஒன்றோடொன்று கோத்துக் கட்டப்பட்டவை. கெல்வின் கையில் எடுத்தான். கண் விரிந்தது. “அடேயப்பா, என்ன கனம்!” என்றான்.



அவை ஜன்னலில் காட்சிக்கு வைக்கும் பித்தளை. தங்கத்தில் பாதி கனம்கூட இராது. உள்பக்கம் முத்திரை கிடையாது. அவள் கடையில் தரை துடைப்பவள்கூடத் தொட்டதும் தூக்கி எறிந்திருப்பாள். இவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கம், தங்கம் என்று நாலு மாதம் ஓதி அவள் வாழ்க்கையை விழுங்கியவன், ஜென்மத்தில் ஒரு குன்றுமணித் தங்கத்தைக் கையில் வைத்துப் பார்த்தவனில்லை! திருடனிடம் தோற்றிருந்தாலாவது ஆறியிருக்கும். தொழில் தெரியாத திருடனிடமா தோற்றோம்? அதுதான் மற்றதையெல்லாம்விட எரிந்தது.

ஆனால் வேலை பாக்கி இருந்தது. உதட்டை இழுத்துப் பிடித்துச் சிரித்தாள்.

“ஒண்ணே ஒண்ணுப்பா. உன் கம்பெனிக்குப் போயிருந்தேன். கெல்வின்னு ஒருத்தர் இல்லவே இல்லைங்கறாங்க. அந்த நூத்தி நாப்பது வியாபாரமும் நானே பண்ணேனாம். இல்லாத ஆளுக்கு நான் எப்படித் தங்கம் கொடுக்கறது?”

“அவனுங்க அப்படித்தான் சொல்லுவானுங்க! நான்தான் தத்தம்மா! உங்க பாஸ்வேர்டு என்னைத் தவிர யாருகிட்ட இருக்கு? ஒவ்வொண்ணா உட்கார்ந்து நான்தான் வாங்கினேன், நான்தான் வித்தேன். உங்களுக்காகத்தானே?”

வந்துவிட்டது! சுய்லின் கெண்டி மூடியைச் சாய்த்து வைத்தாள்.

“வெந்நீ, வெந்நீ, வழி விடு!” இடியைப்போல வந்து நின்றார் சர்வர் ஃபாய் அண்ணன். மூடி சாய்ந்திருந்தால் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம். ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். கெண்டியை நிரப்பினார், மூடியை டக்கென்று மூடினார், போய்விட்டார்.

சுய்லின் மறுபடி மூடியைச் சாய்த்தாள்.

“என்னம்மா, இன்னிக்கு ஒட்டகம் மாதிரி குடிக்கறே?” ஃபாய் அண்ணன் திரும்பி வந்து ரெண்டு சொட்டு ஊற்றி, மூடியை இன்னும் அழுத்தமாக மூடினார். பக்கத்து மேஜையில் தாம் கோழிக்கால் ஒன்றைச் சப்பியபடி கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாய் அண்ணனின் அகன்ற முதுகு நகரும்போதெல்லாம் மூடி மூடியேதான் இருந்தது.

“அப்போ நான் கிளம்பறேன் தத்தம்மா.” அவன் எழுந்துவிட்டான். பெட்டி அக்குளில்.

“இருப்பா! மகன் கையில மாட்டிப் பார்க்க வேணாமா?”

பெட்டியை அவளே வாங்கித் திறந்தாள். ஒரு காப்பை அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். க்ளிக். அந்தக் கொக்கி எப்படிக் கழலும் என்று மணப்பெண்களுக்கே அவள்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும். இன்னொரு காப்பைத் தன் மணிக்கட்டில் வைத்தாள். க்ளிக். நடுவில் சிவப்புக் கயிறு.

“என்ன... என்ன பண்றீங்க?”

சுய்லின் சிரிப்பை இறக்கினாள். நாலு நாளாகச் சுமந்த சிரிப்பு. அதற்கடியில் இருந்த முகத்தைப் பார்த்து அவன் பின்வாங்கினான். கயிறு சுண்டி இழுத்தது.

“உள்பக்கம் திருப்பிப் பாருடா! முத்திரை இருக்கா? பித்தளைடா அது! பித்தளை! தங்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கியாடா உன் வாழ்நாள்ல?” விடுதியே திரும்பியது. “ஃபாய் அண்ணே! உன் வெந்நீ நாசமாப் போக! இவனைப் பிடி! மேடம், அந்தக் கோழிக்காலைக் கீழ போடுங்க!”

அவன் இழுத்தான். அறுபத்தொரு வயசுக்காரி மேஜையோடு சேர்ந்து நகர்ந்தாளே தவிர, விடவில்லை. மணிக்கட்டில் தோல் உரிந்தது. கெண்டி விழுந்து உடைந்தது. அதற்குள் தாம் அவன் இன்னொரு கையை முறுக்கிப் பிடித்துவிட்டாள்.

“தத்தம்மா...” கெல்வின் அதே குரலில் அழ ஆரம்பித்தான். அதே மூக்குறிஞ்சல். “எனக்குப் பிள்ளைங்க இருக்கு... நீங்களே சொல்லுங்க... நான் உங்க மகன்...”

“மார்க்கெட்டுன்னா ஏறும் இறங்கும், மகனே,” என்றாள் சுய்லின்.

அவன் கொடுத்த தேநீர் மேஜைமேல் ஆறிக் கிடந்தது. அதை எடுத்துக் கோப்பை கழுவும் கிண்ணத்தில் கவிழ்த்தாள்.

மாலை, காவல் நிலையம். தாம் ஒளிக்காமல் சொன்னாள். கம்பெனி இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டது. கணக்கில் ஒன்றும் இல்லை. கேஸ் நிற்கும், ஆனால் பணம் வருமா என்று கேட்டால்...

“கேட்கலையே நான்,” என்றாள் சுய்லின். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

“இதையும் பார்த்துடுங்கக்கா.” கெல்வினின் போனை சார்ஜென்ட் தாம் திருப்பிக் காட்டினாள். பெயர்ப் பட்டியல். தத்தம்மா ஒன்று, தத்தம்மா இரண்டு... ஒன்பது வரை. சுய்லினின் எண்ணுக்கு நேரே இருந்தது, தத்தம்மா ஆறு.

குடை எடுத்துக்கொள் என்றானே! அன்று மழையே பெய்யவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வானத்தைக்கூடப் பார்க்காமல் ஒன்பது பேருக்கும் அதையே ஒப்பித்திருக்கிறான்.

“மத்தவங்களுக்குச் சொல்லியாச்சா?”

“அதான் தலைவலி. நாங்க கூப்பிட்டா, போலீஸ் பேர்ல வர்ற மோசடி போன்னு திட்டிட்டு வச்சுடறாங்க. ரெண்டு பேரு இன்னிக்கே பாங்குக்குப் போகப் போறதா அவன் மெசேஜ்ல இருக்கு.”

“போனை இங்க தள்ளுங்க மேடம்.”

தாம் எண்ணை அழுத்தி ரிசீவரை நீட்டினாள். மணி நாலு தடவை போனது. “யாரு?” என்றது ஒரு வயதான குரல், நம்பிக்கையோடு.

எதிரே வெள்ளைச் சுவர். சுய்லின் சிரிக்கவில்லை.

“நான் தத்தம்மா ஆறு பேசறேன்,” என்றாள். “போனை வச்சுடாதேக்கா. நீ தத்தம்மா ரெண்டு.”